பழைய காரை இணையத்தில் விற்கிறீர்களா? வாங்க வருகிறவரைச் சலித்தெடுக்கும் முறை

அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கான்டெஸா போன்ற வண்டிகளுக்கு ஷோரூம் விலை கிடையாது. ஒரே வருடத்து இரண்டு பத்மினிகளில் ஒன்று இரும்புக்கடை விலைக்குப் போகும், இன்னொன்று புதுக்கார் விலைக்குப் போகும். அதனால் யாராவது கேட்டதற்கு மேல் கொடுக்கிறேன் என்றாலும் விற்பவருக்குச் சந்தேகம் வருவதில்லை, "விஷயம் தெரிந்த ஆள் போல" என்றுதான் தோன்றுகிறது. இந்த வண்டிகளைத் தேடுகிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பதும் வழக்கம். ஆகவே "நேரில் வர முடியல சார், ஆள் அனுப்புறேன்" என்ற பேச்சும் இயல்பாகவே படும். புதிய மாருதியை விற்பவரிடம் எடுபடாத கதை, அப்பா ஓட்டிய அம்பாசிடரை விற்பவரிடம் எடுபடுவது இதனால்தான்.

மோசடிகள் பல வேஷத்தில் வந்தாலும் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. வண்டியை நேரில் வந்து பார்க்கிறவர், பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறதோ அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர், பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-இல் வாங்குபவராகக் கையெழுத்துப் போடுகிறவர், இந்த மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் மாறினாலும் பேச்சை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விதியை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான்.

விளம்பரம் போடும் முன்

முதலில் ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன அப்பா அல்லது தாத்தா பெயரில் இருந்தால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனைக்குப் போடுங்கள். பெயர் மாறாத வண்டி என்று தெரிந்ததும் "எனக்குத் தெரிஞ்ச ஆர்.டி.ஓ. ஏஜென்ட் முடிச்சுக் கொடுப்பார், ஃபீஸ் மட்டும் போட்டு விடுங்க" என்று ஒருவர் வருவார். அந்த ஏஜென்டும் அவரே. பழைய கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஹைபாதிகேஷன் (கடனுக்கு ஈடாக வண்டி இருக்கிறது என்ற) பதிவு அப்படியே இருந்தால், படிவம் 35 கொடுத்து அதையும் நீக்கிவிடுங்கள்.

படங்களில் நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்களை மறையுங்கள். சேசிஸ் நம்பர் தகட்டையும் இன்ஜின் நம்பரையும் குளோசப்பில் போடவே கூடாது. இரண்டு படங்களிலாவது வண்டியின் உடம்புக்கு நடுவே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில், ஊர்ப் பெயரையும் விளம்பரத் தேதியையும் எழுத்தாகப் பதியுங்கள். உங்கள் படத்தை எடுத்து வேறு ஊரில் குறைந்த விலைக்கு விளம்பரம் போடுவது இந்த மோசடித் தொழிலின் அடிப்படை வேலை. வாரம் ஒருமுறை கூகுள் லென்ஸில் உங்கள் படத்தையே போட்டுத் தேடிப் பாருங்கள்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். "லோன் போடணும், ஆர்.சி. அனுப்புங்க" என்று கேட்பார்கள். உங்கள் ஆர்.சி.யும் ஆதாரும் கையில் இருந்தால் அவர் உங்கள் பெயரிலேயே இன்னொருவரிடம் வண்டியை "விற்று" அட்வான்ஸ் வாங்கிவிடலாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆர்.சி. நகலின் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். வாங்குகிறவர் உண்மையானவர் என்றால் இதற்குக் கோபப்பட மாட்டார்.

முதல் செய்தியிலேயே தெரிகிற அடையாளங்கள்

"உங்கள் பொருள் இன்னும் விற்பனைக்கு உள்ளதா?" என்று வருகிறதா? ஹெரால்டைத் தேடி அலைகிறவர் "பொருள்" என்று எழுத மாட்டார், "ஹெரால்டு இருக்கா சார்?" என்பார். சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் காருக்கும் ஒரே செய்தியை அள்ளி விடுகிறவர்களின் வேலை அது.

விலையைக் குறைக்கக் கேட்காதவர் இரண்டாவது அடையாளம். பழைய கார் வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் இருப்பதில்லை. பிளாட்ஃபார்ம் துருவுக்கு ஐயாயிரம், பிளந்த டாஷ்போர்டுக்கு இரண்டாயிரம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். "விலை ஃபைனல், எனக்கு வண்டி புடிச்சிருக்கு, விளம்பரத்த எடுத்துடுங்க" என்று பத்து நிமிடத்தில் முடிக்கிறவருக்குத் தேவை வண்டி இல்லை.

மூன்றாவது, வண்டியைப் பற்றிய கேள்வி எதுவும் வராதது. அம்பாசிடர் தெரிந்தவர் பெட்ரோலா டீசலா என்று கேட்பார். 1,489 சிசி பழைய இன்ஜினா, 1,800 சிசி இசுஸு இன்ஜினா, ஸ்டியரிங்கில் கியரா தரையில் கியரா, எத்தனை ஓனர், எஃப்.சி. (தகுதிச் சான்று) எது வரை, ஆர்.சி. புத்தகமா ஸ்மார்ட் கார்டா என்று போகும். பத்மினிக்காரர் அடித்தகடு, டோர் அடிப்பகுதி, டிங்கரிங் வேலை பற்றிக் கேட்பார். ஹெரால்டுக்காரர் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று கேட்காமல் விலை பேசவே மாட்டார்.

சந்தேகம் இருந்தால் ஒரு தவறான தகவலைச் சொல்லிப் பாருங்கள். ஹெரால்டு என்றால், "உள்ளே பானெட் கேபிள் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று சொல்லலாம். ஹெரால்டில் அப்படி ஒரு கேபிளே கிடையாது. பானெட்டும் முன் ஃபெண்டர்களும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும், வெளியே இரு பக்கமும் இருக்கும் கொக்கியை விடுவித்துத்தான் தூக்க வேண்டும். வண்டி தெரிந்தவர் சிரித்துவிட்டு "எந்தக் கேபிள் சார்?" என்பார். மற்றவர் "பரவால்ல சார், மெக்கானிக்க வெச்சுப் பாத்துக்கறேன்" என்பார்.

இன்னொரு வகைச் செய்தி வெளிநாட்டிலிருந்து நகலெடுத்தது: "உங்கள் வின் நம்பரை அனுப்புங்கள். இந்தத் தளத்தில் பணம் கட்டி வாகன அறிக்கை எடுத்து அனுப்பினால் உடனே வாங்கிக்கொள்கிறேன்." வின் என்ற 17 எழுத்து-எண் கொண்ட வாகன அடையாள எண் முறை 1981-க்குப் பிறகே அமெரிக்காவில் நிலைபெற்றது. 1975 மாடல் பத்மினிக்கோ 1965 மாடல் ஹெரால்டுக்கோ அது கிடையாது, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான் உண்டு. அந்த இணைப்பில் போய்ப் பணம் கட்டினால் போவது உங்கள் கார்டு விவரம். நம் ஊர் வண்டியின் பதிவு விவரம் வேண்டும் என்றால் அரசின் பரிவாகன் தளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம்.

அதே எம்-பரிவாகன் பெயரில், அல்லது "சலான்" என்ற பெயரில், ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வாட்ஸ்அப்பில் வந்தால் தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ். அத்தனையும், ஓ.டி.பி. உட்பட, அதை அனுப்பியவரிடம் போகும். எனிடெஸ்க் போன்ற திரை பகிரும் செயலியை இறக்கச் சொல்வதும் இதே வேலைதான்.

ராணுவ அதிகாரி, க்யூஆர் கோடு

இது பழைய வித்தை, இன்னும் ஓடுகிறது. சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் கேட்காமலே வந்து சேரும். வண்டியை எடுக்க ராணுவ லாரி வரும் என்பார்கள். "எங்க டிபார்ட்மென்ட் ரூல்படி முதல்ல உங்க அக்கவுன்ட வெரிஃபை பண்ணணும், நான் அனுப்புற க்யூஆர ஸ்கேன் பண்ணி ஒரு ரூபா போடுங்க, ரெண்டு ரூபா திரும்பி வரும்." உண்மையாகவே இரண்டு ரூபாய் வரும். அடுத்த க்யூஆரில் 10,000 ரூபாய்க்கு "பெறுக" என்று படத்தின் மேலே பெரிதாக எழுதியிருக்கும். அது படத்தில் எழுதிய எழுத்து. செயலிக்கு அது ஒரு பணம் செலுத்தும் க்யூஆர்தான்.

யு.பி.ஐ.யில் பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பர் போட வேண்டியதும் இல்லை. பணம் வாங்கும் பேச்சில் பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம், விதிவிலக்கே கிடையாது. தனிநபர் இன்னொருவரிடம் "பணம் அனுப்பு" என்று கோரிக்கை வைக்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. அதனால் இப்போது க்யூஆர் படங்களும், வணிகர் பெயரில் வரும் கோரிக்கைகளும், ஆட்டோபே (தானாகப் பணம் கழியும்) அனுமதிகளும்தான் அதிகம் வருகின்றன. ஆட்டோபேக்கு ஒருமுறை பின் போட்டால் பணம் தவணை தவணையாகப் போகும். செயலியைத் திறந்து ஆட்டோபே பட்டியலை அவ்வப்போது பாருங்கள்.

முதல் பணம் போனதும் "ஐயோ, சிஸ்டம் எரர் சார், ரீஃபண்டு போடறேன், இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணுங்க" என்று வரும். பெரிய தொகை போவது முதல் தடவையில் இல்லை, போனதைத் திரும்ப எடுக்கப் போகும் இந்த இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான்.

அட்வான்ஸ் வாங்குவதென்றால் உங்கள் யு.பி.ஐ. ஐ.டி.யையோ வங்கிக் கணக்கு எண்ணையோ கொடுங்கள். அது போதாது என்கிறவரோடு பேச ஒன்றுமில்லை.

நடுவில் நிற்கும் மூன்றாம் ஆள்

க்யூஆர் மோசடியில் சில ஆயிரங்கள் போகும். இதில் வண்டியே போகலாம், போலீஸ் கேசும் வரலாம். இதைப் புரிந்துகொள்வதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

நீங்கள் 4 லட்சத்துக்கு ஓர் அம்பாசிடரை விளம்பரம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் போனில் விலையை ஒத்துக்கொள்கிறார். உங்கள் படங்களை எடுத்து, வேறு தளத்தில் அதே வண்டியை 2,75,000 ரூபாய்க்கு அவர் விளம்பரம் செய்கிறார். அந்த விலையைப் பார்த்து நிஜமாகவே வாங்க ஒருவர் கிளம்புகிறார். அவரைத்தான் உங்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

உங்களிடம் சொல்வது: "நான் வெளியூர்ல இருக்கேன் சார், என் மச்சான் வந்து பார்ப்பாரு. அவர் எனக்குக் கொஞ்சம் பணம் தரணும், அதை இந்த வண்டிலதான் கழிக்கிறேன். அவர்கிட்ட விலை மட்டும் பேசிடாதீங்க." வருகிறவரிடம் சொல்வது: "வண்டி எங்க சித்தப்பா வீட்ல நிக்குது. அவருக்குக் காசு நான்தான் கொடுக்கணும், பங்காளிச் சண்டை வேற. வண்டியப் பாருங்க, விலையப் பத்தி வாயத் திறக்காதீங்க." இரண்டு பேரும் மரியாதை கருதி வாயை மூடிக்கொள்கிறார்கள். வண்டி நன்றாக இருக்கிறது. இருக்கத்தான் செய்யும், அது நிஜ வண்டி. அங்கே நின்றபடியே வந்தவர் 2,75,000 ரூபாயை நடு ஆளின் கணக்குக்கு அனுப்புகிறார். அதே நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு 4 லட்சத்துக்கு ஓர் ஆர்.டி.ஜி.எஸ். (பெரிய தொகையை வங்கி வழியே அனுப்பும் முறை) ஸ்கிரீன்ஷாட் வருகிறது. சாவியைக் கொடுத்தால் வண்டி போச்சு. கொடுக்காவிட்டால் எதிரே நிற்பவர் உங்களையும் கூட்டாளி என்று நினைத்துப் புகார் கொடுப்பார். நடு ஆளின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

இதை உடைக்க வீட்டு வாசலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: "என்ன விலைக்குப் பேசியிருக்கீங்க? பணத்த யார் கணக்குக்கு அனுப்பப் போறீங்க?" யார் என்ன சொல்லியிருந்தாலும் இதைக் கேளுங்கள். "விலை பேசாதீர்கள்" என்று ஒருவர் சொன்னாலே அது பேச வேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஆர்.சி.யையும் உங்கள் அடையாள அட்டையையும் காட்டி, "ஓனர் நான்தான், பணம் என் கணக்குக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் அனுப்பும்போது கணக்கு எண்ணை வைத்துப் பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். அனுப்பும் முன் வாங்குகிறவர் அந்தப் பெயரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டால் இந்த நாடகம் அங்கேயே முடியும்.

இதன் தலைகீழ் வடிவம் இன்னும் நுட்பமானது. பணம் உண்மையாகவே உங்கள் கணக்கில் விழும், 4 லட்சமும் முழுதாக. ஆனால் அனுப்பியவர் பெயர் வேறு: வேறு மாநிலத்தில் வேறு ஏதோ மோசடியில் ஏமாந்த ஒருவருடைய பணம் அது. வண்டி போன சில நாளில் அவர் புகார் கொடுக்க, பணம் வந்து சேர்ந்த கணக்கு என்ற முறையில் உங்கள் கணக்கை வங்கி முடக்கும். சில இடங்களில் அந்தத் தொகைக்கு மட்டும், சில இடங்களில் கணக்கு முழுவதுமே. வந்த பணத்தில் "தவறுதலாக 50,000 கூட வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க" என்று வேறு கணக்கு எண்ணைக் கொடுப்பதும் உண்டு. கூடுதல் பணம் வந்தால் நீங்களாக எங்கும் அனுப்பாதீர்கள். வங்கிக் கிளைக்குப் போய், வந்த கணக்குக்கே திருப்பும்படி எழுதிக் கொடுங்கள்.

பணம் வந்துவிட்டது என்பதற்கு எது சாட்சி?

ஸ்கிரீன்ஷாட் சாட்சி இல்லை. பணம் போனது போலவே சத்தமும் பச்சை டிக்கும் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. எஸ்.எம்.எஸ். சாட்சி இல்லை, ஆனால் போலியை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வங்கிச் செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது, எழுத்துகளால் ஆன தலைப்பிலிருந்து வரும். 2025 முதல் அதன் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கும்: சேவைச் செய்திக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, விளம்பரத்துக்கு பி. பி என்று முடியும் தலைப்பில் "4,00,000 வரவு" என்று வந்தால் நகைப்புக்குரியது.

யு.டி.ஆர். எண்ணும் (வங்கிப் பரிவர்த்தனையின் அடையாள எண்) தனியாகச் சாட்சி ஆகாது. ஆனால் ஆர்.டி.ஜி.எஸ். யு.டி.ஆர். 22 எழுத்து-எண் கொண்டது. முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு, நடுவில் ஆண்டு-மாதம்-தேதி எட்டு இலக்கமாக இருக்கும். தேதி இன்றையது இல்லை என்றாலோ, வங்கிக் குறியீடு அவர் சொன்ன வங்கியோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ பழைய ரசீதைத் திருத்தியிருக்கிறார்கள்.

ஆர்.டி.ஜி.எஸ். 2 லட்சமும் அதற்கு மேலும் அனுப்புவதற்கு உரியது. 2020 டிசம்பரிலிருந்து ஞாயிறு உட்பட 24 மணி நேரமும் இயங்குகிறது. செய்தி கிடைத்த அரை மணிக்குள் உங்கள் வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆகவே "இன்னிக்கு லீவு சார், திங்கக்கிழமை ஏறிடும்" என்பதை நம்ப வேண்டாம். உங்கள் போனில், நீங்களே திறந்த வங்கிச் செயலியில், இருப்புத் தொகை கூடியிருக்க வேண்டும். அல்லது பாஸ்புக்கில் பதிவாகியிருக்க வேண்டும். சாட்சி அது ஒன்றுதான்.

டி.டி. கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வயதானவர்களுக்கு டி.டி. மீது பெரிய நம்பிக்கை. ஆனால் நல்ல பிரின்டர் இருந்தால் போதும், டி.டி. அடித்துவிடலாம். 2018 செப்டம்பர் 15-க்குப் பிறகு வழங்கிய ஒவ்வொரு டி.டி.யின் முகப்பிலும் அதை எடுத்தவரின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லை என்றால் தள்ளிவிடுங்கள். பெயர் இருந்து அது எதிரே நிற்பவர் பெயராக இல்லையென்றாலும் அப்படியே. டி.டி.யில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சரிபார்ப்பது வீண், அதை எடுப்பதும் அவர்கள் ஆளாக இருக்கலாம். கிளையின் எண்ணை வங்கியின் இணையதளத்தில் பாருங்கள், அல்லது உங்கள் கிளை மேலாளரிடம் கேளுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டி.டி.யோடு வண்டி எடுக்க வருகிறவர் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அன்று வங்கி திறந்திருக்காது.

ரொக்கம் என்றால், ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், அதுவும் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான். அதற்குக் குறைந்த தொகை என்றால் வங்கிக் கவுன்டரிலேயே எண்ணி, கள்ள நோட்டு பார்த்து, அங்கேயே கட்டிவிடுங்கள்.

வெளிநாட்டு வாங்குபவர்

லண்டனில் சேகரிப்பாளர், எண்ணெய்க் கிணற்றில் இன்ஜினியர், துபாயில் மியூசியம் என்று கதை மாறும், கணக்கு மாறாது. பணம் "அனுப்பியாச்சு", ரிசர்வ் வங்கியில் "தடுத்து வைத்திருக்கிறார்கள்", விடுவிக்க நீங்கள் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அல்லது விலைக்கு மேல் சேர்த்து அனுப்புவார், மிச்சத்தை ஷிப்பிங் ஏஜென்டுக்குக் கொடுக்கச் சொல்வார். தனிநபர் விற்பனையில் ரிசர்வ் வங்கி உங்களிடம் எந்தக் கட்டணமும் கேட்காது. 1950-க்கு முன் தயாரான கார்களை ஏற்றுமதி செய்ய நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாடும் உண்டு. 1948 மாடல் மோரிஸை அடுத்த வாரம் கன்டெய்னரில் ஏற்றிவிடுகிறேன் என்பவருக்கு அது தெரிந்திருக்காது.

இதே குடும்பத்தில் ஒன்று: "50 வருஷ வண்டிக்கு வின்டேஜ் சர்டிஃபிகேட் இல்லாம விற்க முடியாது, 20,000 கட்டுங்க." பாதி உண்மை. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு உண்டு. புதிதாகப் பதிவு செய்தால் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்.சி. செல்லுபடியாக இருக்கிற வண்டியை விற்க அது கட்டாயமல்ல. எடுப்பதென்றாலும் அரசின் பரிவாகன் வழியே விண்ணப்பித்துக் கட்ட வேண்டும், தனிநபரின் யு.பி.ஐ.க்கு அல்ல.

பார்க்க வரும்போது

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் காட்டுங்கள், வீட்டில் இன்னொருவர் உடன் இருக்கட்டும். டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தின் அசலைப் பார்த்து, நீங்களே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டினால் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். இடையில் "பின்னாடி புகை வருதான்னு இறங்கிப் பாருங்க சார்" என்றால் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வேறு சாவியில் ஓடவிடாமல் தடுக்கும் இமொபிலைசர் இந்த வண்டிகளில் கிடையாது. சாவி ஐந்து நிமிடம் கையில் இருந்தால் அச்சு எடுத்துவிடலாம். இரவில் வண்டி காணாமல் போகும்.

வருகிறவரோடு "மெக்கானிக்" ஒருவர் வந்து பானெட்டுக்குள் தலையை விட்டால் நீங்களும் அங்கேயே நில்லுங்கள். கவனத்தை ஒருவர் திருப்ப, மற்றவர் ஸ்பார்க் பிளக் வயரை லேசாகக் கழற்றிவிடுவது, ரேடியேட்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டு "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு" என்று விலையைப் பாதியாக்குவது எல்லாம் நடக்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டி அவர்கள் பார்த்த பிறகு திடீரென மிஸ் அடித்தால், அன்று விலை பேசாதீர்கள். அசல் வீல் கப், பானெட் சின்னம், மீட்டர் போன்றவை இப்போது கிடைப்பது அரிது. எல்லாம் இருக்கின்றனவா என்று அவர்கள் கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கைமாற்றும் நாள்

வேலை நாளில், காலை 11 மணி போல், உங்கள் வங்கிக் கிளையில் சந்தியுங்கள். வரிசை இதுதான்: அடையாளம், பணம், கையெழுத்து, சாவி. இதை மாற்றாதீர்கள்.

வாங்குபவரின் ஆதார், பான், உரிமம் மூன்றிலும் பெயர் ஒன்றா என்று பாருங்கள். பணம் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு ஏற வேண்டும். செயலியில் அனுப்பியவர் பெயரைப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, எல்லாவற்றிலும் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி, சேசிஸ் நம்பர் நிரப்பியிருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்வது புரோக்கர்களின் வழக்கம். அந்தக் கையெழுத்தை வைத்து வண்டி நான்கு கை மாறும், ஆர்.சி.யில் மட்டும் உங்கள் பெயரே நிற்கும். பதிவில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றுவிட்டேன் என்று வாயால் சொல்வது அங்கே எடுபடாது.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள், ஓடோமீட்டர் எண்ணையும் சேருங்கள். "இந்த நேரத்துக்குப் பிறகு வண்டியால் வரும் வழக்கு, அபராதம், விபத்து வாங்குபவர் பொறுப்பு" என்று ஒரு வரி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. வாங்குபவர் வண்டியோடு நிற்கும் படம் ஒன்று. ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டுக் கணக்கை மூடுங்கள்.

பிறகு 14 நாளுக்குள் படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு 45 நாள் அவகாசம் உண்டு, படிவம் 28-இல் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்றும்) வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரும். பணம் ஏறும் முன் அதைச் சொன்னால் வண்டியைத் தூக்கிக் கொடுத்தது போலத்தான்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைப்பது, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவது. கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காமல் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும், அது ஏ.டி.எம்.மில் ரொக்கமாக வெளியேறும் முன் பிடித்தால்தான் உண்டு. வெட்கப்பட்டு மறுநாள் வரை தள்ளிப்போட வேண்டாம். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் போன யு.பி.ஐ. ஐ.டி. கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வையுங்கள், அவர் விளம்பரப் பக்கத்தையும் முகப்புப் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வண்டியும் போயிருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தனிப் புகார், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், ஆர்.டி.ஓ.வுக்குப் பெயர் மாற்றத்தைத் தடுக்கக் கோரிக் கடிதம் மூன்றும் வேண்டும்.

உங்கள் கணக்கு முடங்கியிருந்தால் எந்த மாநிலத்து எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெலிவரி நோட், படிவம் 29, 30, வாங்கியவர் அடையாள நகல், உரையாடல் எல்லாவற்றையும் அந்த விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, வண்டி விற்ற பணம் என்று விளக்குங்கள். கைமாற்றிய நாளில் இந்தத் தாள்களை ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் இங்கே சீக்கிரம் மீள்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பியவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

புகார் கொடுத்த சில நாளில் "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்க பணத்தைப் பிடிச்சாச்சு, விடுவிக்க ஜி.எஸ்.டி. கட்டணும்" என்று ஓர் அழைப்பு வரக்கூடும். அதே கும்பலாகவோ, அவர்களிடம் உங்கள் எண்ணை வாங்கியவர்களாகவோ இருப்பார்கள். போலீஸ் பணத்தைத் திருப்பித் தரக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.